எலுமிச்சை விற்றவர் வம்சத்தில் வந்த கார் முதலாளி
(வணிகர்களுக்கு ஒரு பாடம்)



பழவேற்காடு வட்டாரத்தில் மளிகைக் கடை வைத்திருப்பவர்களுக்கும் பிரான்சு நாட்டுப் பழைய சொகுசுக் காருக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. நமது திருவள்ளூர் மாவட்டத்திலேயே, கும்மிடிப்பூண்டி வட்டம் தேர்வாய் கண்டிகை சிப்காட்டில் மிஷெலின் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் டயர் தொழிற்சாலை 2010-களில் தொடங்கப்பட்டது. திருவள்ளூர் அருகே முன்பு ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998 முதல் மிட்சுபிஷி லான்சர் கார் தயாரித்த இடத்தில் இருந்து, 2021-இல் சிட்ரோன் என்ற பிரெஞ்சுக் கார் வெளிவந்தது.

இந்த இரண்டு பெயர்களுக்கும் இடையே பழைய கணக்கு ஒன்று உண்டு. 1934-இல் சிட்ரோன் கடனாளி; மிஷெலின் கடன் கொடுத்தவர். டயர் சரக்கு கொடுத்தவர், அந்தப் பாக்கிக்காகக் கார் கம்பெனியையே எடுத்துக்கொண்டார். சரக்கு மட்டமானதால் இது நடக்கவில்லை. சரக்கு உலகத் தரமானது. கெட்டது கணக்குதான். அதனால்தான் இந்த வரலாறு நாம் படிக்க வேண்டிய ஒன்றாகிறது.

பெயர் வந்த கதை

டச்சுக்காரர்கள் 1613-இல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள் என்பது நாம் அறிந்ததே. அவர்கள் மொழியில் 'சிட்ரூன்' என்றால் எலுமிச்சம்பழம். ஆம்ஸ்டர்டாம் நகரில் பழ வியாபாரம் செய்த ஒரு யூதக் குடும்பத்துக்கு 'எலுமிச்சைக்காரர்' என்ற பொருளில் பட்டப்பெயர் நிலைத்தது. பின்வந்த தலைமுறை நகை வியாபாரத்துக்கு மாறியபோது பெயரைச் 'சிட்ரூன்' என்று மாற்றிக்கொண்டது. அக்குடும்பத்தில் வைர வியாபாரி ஒருவர் பாரிசில் குடியேறினார். அவர் மகன் ஆந்த்ரே சிட்ரோன் 1878-இல் அங்கே பிறந்தார். ஆறு வயதில் தந்தையை இழந்தார். ஆக, உலகப் புகழ் பெற்ற இந்தக் காரின் பெயருக்கு மூலம் ஒரு பழக்கடைதான்.

ஆந்த்ரே பொறியியல் படித்தார். போலந்து நாட்டுக்குச் சென்றபோது, அம்பு முனை போல் பற்கள் வெட்டிய பல்சக்கரம் ஒன்றைக் கண்டு அதன் உரிமையை வாங்கினார். அதைச் செய்து விற்றதே அவரது முதல் தொழில். இன்றும் அந்தக் காரின் முகப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் இரண்டு கூரை வடிவக் கோடுகள் அந்தப் பல்சக்கரத்தின் அடையாளமே. முதல் உலகப் போரில் பாரிசு நகரின் ஜாவெல் கரையில் தொழிற்சாலை அமைத்துப் பீரங்கிக் குண்டுகள் தயாரித்தார். போர் முடிந்ததும் அதே இடத்தில் 1919-இல் கார் தயாரிக்கத் தொடங்கினார்.

விற்பனையில் வல்லவர்

அக்காலத்தில் பல கம்பெனிகள் அடிச்சட்டமும் இயந்திரமும் மட்டும் விற்றன. மேல்கட்டை வாங்குபவர் தனியாகச் செய்துகொள்ள வேண்டும். சிட்ரோனோ உடல், டயர், மின்விளக்கு, ஸ்டார்ட்டர் எல்லாம் சேர்த்து ஒரே விலை என்று விற்றார். வாடிக்கையாளருக்கு அலைச்சல் மிச்சம்.

தவணை முறையில் கார் விற்க 1920-களிலேயே ஏற்பாடு செய்தார். நாடெங்கும் சாலை வழிகாட்டிப் பலகைகள் நட்டு அவற்றில் தம் முத்திரையைப் பதித்தார். குழந்தைகளுக்குத் தம் காரைப் போலவே பொம்மைக் கார் செய்து விற்றார். நாளை வாங்கப் போகிறவர் இன்றைய குழந்தை அல்லவா? 1925 முதல் 1934 வரை ஈபிள் கோபுரத்தில் சுமார் இரண்டரை இலட்சம் மின்விளக்குகளால் தம் பெயரை எழுதி ஒளிரச் செய்தார். 1931-இல் பெய்ரூத்திலிருந்து பீகிங்குக்குப் புறப்பட்ட அவரது வண்டிகள் நமது ஸ்ரீநகர் வழியாகக் கில்கித் மலைப்பாதையில் ஏறின. ஏற முடியாத இடத்தில் வண்டியைப் பிரித்துச் சுமந்து சென்று மறுபடி பூட்டினார்கள்.

1920-களின் இறுதியில் ஐரோப்பாவிலேயே பெரிய கார் உற்பத்தியாளர் அவர்தான். ஆனால் அத்தனை விளம்பரமும் விரிவும் பெரும்பாலும் கடன் வாங்கிய பணத்தில் நடந்தன. அதோடு சூதாட்ட விடுதியில் பெருந்தொகை வைத்து ஆடும் பழக்கமும் அவருக்கு இருந்தது. இது கடன் கொடுத்தவர்களின் நம்பிக்கையைக் குறைத்தது.

காலத்தை முந்திய கார்

1929-இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தம் பிரான்சையும் தாக்கியது. கார் விற்பனை குறைந்தது. அப்போது சிட்ரோன் இரண்டு காரியங்களை ஒரே சமயத்தில் செய்தார். 1933-இல் ஜாவெல் தொழிற்சாலையை ஐந்தே மாதத்தில் இடித்துப் பெரிதாகக் கட்டினார். அதே வேளையில் முற்றிலும் புதிய கார் ஒன்றையும் வடிவமைக்கச் சொன்னார்.

ஆந்த்ரே லெஃபெவ்ர் என்ற விமானத் துறைப் பொறியாளரும், ஃபிளாமினியோ பெர்த்தோனி என்ற இத்தாலியச் சிற்பியும் அந்தக் காரை உருவாக்கினார்கள். 1934 ஏப்ரலில் வெளிவந்த அதன் பெயர் 'டிராக்ஷன் அவான்'. முன்சக்கர இழுவை என்பது பொருள். பொதுவாக அக்காலக் கார்களில் இயந்திரம் முன்னால் இருக்கும்; பின்சக்கரம் வண்டியைத் தள்ளும். இதில் முன்சக்கரமே இழுத்தது. மாடு வண்டியை முன்னிருந்து இழுப்பதுபோல, வளைவில் வண்டி தடம் மாறாமல் சென்றது. பின்சக்கரத்துக்குச் செல்லும் தண்டு இல்லாததால் வண்டியின் தரை தாழ்ந்து, உள்ளே இடம் கூடியது. தனியான அடிச்சட்டம் கிடையாது. எஃகு உடலே முட்டை ஓடு போலப் பாரத்தைத் தாங்கியது. நான்கு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் பிரேக். இன்றைய சாதாரணக் கார்கள் பெரும்பாலும் இந்த முறையில்தான் செய்யப்படுகின்றன.

ஆனால் அவசரம் காரணமாகச் சரக்கு முழுதாகத் தேறவில்லை. தானே மாறும் கியர் பெட்டி சோதனையில் தோற்றது. கடைசி நேரத்தில் சாதாரணக் கியர் பெட்டியைப் பொருத்தினார்கள். முதலில் விற்ற கார்களில் முன்சக்கர இணைப்புகள் பழுதாயின. உடலில் விரிசல் கண்டது. வாங்கியவர்கள் குறை சொல்லி வந்தார்கள். கடன் கொடுத்தவர்கள் கணக்கைத் தீர்க்கச் சொன்னார்கள்.

1934 டிசம்பர் 21-இல் கம்பெனி நீதிமன்றத்தின் பொறுப்பில் சென்றது. மிகப் பெரிய கடன்காரரான மிஷெலின் நிர்வாகத்தை ஏற்றது. ஆந்த்ரே சிட்ரோன் 1935 ஜூலை 3-இல் வயிற்றுப் புற்றுநோயால் காலமானார். அப்போது அவருக்கு வயது 57.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், அவர் முதலாளியாக இருந்து தம் காரைப் பார்த்தது சில மாதங்களே. ஆனால் அந்தக் கார் 1957 வரை, 23 ஆண்டுகள், சுமார் 7 இலட்சத்து 60 ஆயிரம் எண்ணிக்கையில் விற்பனையானது. 1938-இல் வந்த ஆறு சிலிண்டர் வகைக்கு 'சாலையின் ராணி' என்றே பெயர் வந்தது. மிஷெலின் அதிசயம் எதுவும் செய்யவில்லை. வீண் செலவை வெட்டினார்கள். பழுதுகளை ஒவ்வொன்றாகத் திருத்தினார்கள். மக்களுக்கு என்ன வேண்டும் என்று ஊர் ஊராகக் கேட்டறிந்தார்கள். அதன் பயனாக 1948-இல் காட்டப்பட்டதுதான் விவசாயிகளுக்கான '2 சி.வி.' என்ற சிறிய கார். ஒரு கூடை முட்டையை வைத்து உழுத வயலில் ஓட்டினால் ஒரு முட்டையும் உடையக் கூடாது என்பது அதற்கு வைத்த நிபந்தனை.

தேவதை என்ற கார்

அடுத்து வந்ததே சொகுசுக் கார்களில் தனி இடம் பெற்ற டி.எஸ். 19. பிரெஞ்சு மொழியில் 'டி.எஸ்.' என்ற எழுத்துகளைச் சேர்த்துச் சொன்னால் 'தேவதை' என்ற சொல்லின் ஒலி வரும். 1955 அக்டோபரில் பாரிசு கார் கண்காட்சியில் திரை விலக்கிய முதல் 15 நிமிடத்தில் 743 கார்களுக்கும், அன்று மாலைக்குள் சுமார் 12,000 கார்களுக்கும் ஆர்டர் வந்தது.

வடிவமைத்தவர்கள் அதே லெஃபெவ்ரும் பெர்த்தோனியும்தான். நீண்டு தாழ்ந்த மூக்கு. முன்புறம் அகலம், பின்புறம் குறுகல். தண்ணீரில் செல்லும் மீனைப் போலக் காற்றைக் கிழித்துச் செல்லும் உருவம். கூரை ஃபைபர் கண்ணாடியால் ஆனது. நம் வலைப்படகுகளுக்குப் பின்னாளில் வந்த அதே பொருள்தான், எடை குறைவு. ஸ்டீயரிங் சக்கரத்துக்கு ஒரே ஒரு கம்பி. முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக். மிஷெலின் கண்டுபிடித்த ரேடியல் டயர் கூடவே வந்தது. 1967-இல் முகப்பை மாற்றியபோது, உட்புற விளக்குகள் ஸ்டீயரிங் திரும்பும் பக்கம் தாமும் திரும்பும்படி செய்தார்கள்.

இவை எல்லாவற்றிலும் சிறப்பு பால் மாஜெஸ் உருவாக்கிய தாங்கு முறை. இதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம். மற்றக் கார்களில் எஃகு ஸ்பிரிங் பாரத்தைத் தாங்கும். பாரம் ஏறினால் வண்டி தாழும். டி.எஸ். காரில் எஃகு ஸ்பிரிங்குக்குப் பதிலாக ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஓர் இரும்பு உருண்டை இருந்தது. உருண்டையின் நடுவே ரப்பர் தடுப்பு. அதற்கு ஒரு பக்கம் நைட்ரஜன் வாயு, மறுபக்கம் எண்ணெய் போன்ற திரவம். பள்ளம் மேடு வந்தால் வாயு அமுங்கி விரிந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். பாரம் கூடினால் ஒரு கருவி அதை உணர்ந்து அதிகத் திரவத்தைச் செலுத்தும். ஒருவர் ஏறினாலும் ஐவர் ஏறி மூட்டை ஏற்றினாலும் வண்டியின் உயரம் ஒன்றாகவே இருக்கும். டயர் மாற்ற வேண்டுமென்றால் வண்டி தானே எழும்பும். முட்டுக் கொடுத்துவிட்டு இறக்கினால் சக்கரம் அந்தரத்தில் நிற்கும். திரவத்தைச் செலுத்தும் பம்பை இயக்குவது இயந்திரம். இயந்திரத்தை நிறுத்தினால் சிறிது நேரத்தில் வண்டி மெல்லத் தரையை நோக்கித் தாழ்ந்து உட்கார்ந்துவிடும்.

1962 ஆகஸ்ட் 22-இல் பிரெஞ்சு அதிபர் தெகோல் சென்ற டி.எஸ். காரைக் கொலையாளிகள் சுட்டார்கள். டயர்கள் துளைபட்டும் ஓட்டுநர் வண்டியை நிலை தடுமாறாமல் ஓட்டித் தப்பித்தார். இந்தத் தாங்கு முறையின் உரிமையை ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனியே தன் 1965-ஆம் ஆண்டு சில்வர் ஷாடோ காருக்கு வாங்கியது.

குறையும் இருந்தது. முதலில் பயன்படுத்திய திரவம் காற்றின் ஈரத்தை இழுத்துக் குழாய்களைத் துருப்பிடிக்க வைத்தது. பழுது பார்க்கும் மெக்கானிக்குகளுக்கும் புதிய முறை பிடிபடவில்லை. 1960-களின் நடுவில் பச்சை நிறக் கனிம எண்ணெய்க்கு மாறிய பிறகே அந்தத் தொல்லை தீர்ந்தது. விலை எட்டாதவர்களுக்காக 1957-இல் அதே உருவத்தில் எளிமையான ஐ.டி. 19 வந்தது. பெரிய புட்டி வாங்க முடியாதவருக்குக் கடலூர் சின்னி கிருஷ்ணன் ஷாம்புவைச் சிறு பாக்கெட்டில் அடைத்துக் கொடுத்தாரே, அதுபோல. 1975 வரை டி.எஸ். வகைக் கார்கள் சுமார் 14½ இலட்சம் விற்றன.

பழைய தவறு மீண்டும்

இத்தனை புகழுக்குப் பிறகும் கம்பெனி 1974-இல் மறுபடி திவாலாகும் நிலைக்கு வந்தது. இத்தாலியின் மசராட்டி கம்பெனியை வாங்கியது, புதுவகை இயந்திர ஆராய்ச்சி, ஒரே சமயத்தில் பல புதிய கார்கள் என்று செலவு பெருகியது. 1973-இல் பெட்ரோல் விலை ஏறியதும் தாங்க முடியவில்லை. மிஷெலின் தன் பங்கைப் பெஜோ கம்பெனிக்கு விற்க நேர்ந்தது. 1976-இல் இரண்டும் ஒரே குழுமமாயின. நம் ஊர்ச் சாலைகளில் ஓடிய ஆம்பாசடர் காரின் பெயரை 2017-இல் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியதும் இதே குழுமம்தான். அதே ஆண்டு அவர்கள் சி.கே. பிர்லா குழுமத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தமே சிட்ரோனைத் திருவள்ளூருக்குக் கொண்டுவந்தது.

நமது கடைக் கணக்கு

இனி நம் கடைக்கு வருவோம். ஓர் உதாரணக் கணக்கு பார்க்கலாம். மீனவக் குப்பம் ஒன்றில் மளிகைக் கடை நடத்துபவர் ஒருவர். சொந்த முதல் 2,00,000 ரூபாய். கடையில் சரக்கு 1,50,000. குறிப்பு நோட்டில் 60 குடும்பங்கள் தலா 4,000 வீதம் வரவேண்டிய பாக்கி 2,40,000. ஆக உடைமை 3,90,000. மொத்த வியாபாரிகளுக்குக் கொடுக்க வேண்டியது 1,90,000. அதில் 1,50,000 செங்குன்றம் அரிசி வியாபாரி ஒருவருக்கு மட்டுமே. 15 நாள் கெடு.

காகிதத்தில் பார்த்தால் இவருக்கு நட்டமே இல்லை. ஆனால் கையில் ரொக்கம் இல்லை. முகத்துவாரம் மணல் மூடிப் படகுகள் கடலுக்குப் போக முடியாமல் 20 நாள் கரையில் கிடந்தால் என்ன ஆகும்? வாடிக்கையாளர் ஏமாற்றுபவர் அல்லர். மீன் விற்றால்தான் அவருக்குப் பணம். அரிசி வியாபாரியும் கெட்டவர் அல்லர். அவருக்கும் ஆலைக்காரர் கெடு உண்டு. நடுவில் நிற்கும் மளிகைக்காரர்தான் நெரிபடுவார். வரவேண்டியது மெதுவாக வருகிறது. கொடுக்க வேண்டியது வேகமாக வந்து நிற்கிறது. 1934-இல் ஜாவெல் கரையில் நடந்ததும் இதுதான். தொகை வேறு; கணக்கு ஒன்றே.

அதற்காக மீனவர்க்குக் கடன் கொடுக்காமல் இருக்க முடியுமா? முடியாது; கூடவும் கூடாது. கடல் இறங்காத நாளில் அடுப்பு எரிய நம் கடைதான் துணை. ஆகவே கடனை நிறுத்துவதைப் பற்றி யோசிக்காமல், கடனைத் தாங்கும் முறையைப் பற்றி யோசிக்க வேண்டும்.

நாம் கொள்ள வேண்டிய பாடங்கள்

1. ஒரே மொத்த வியாபாரியிடம் நம் பாக்கி முழுவதும் சேரக் கூடாது. நாம் கொடுக்க வேண்டிய மொத்தத்தில் ஒருவருடைய பங்கு மூன்றில் ஒரு பகுதிக்கு மேல் போனால், அவர் கேட்கிற நாளில் நம் கடைச் சாவி அவர் கைக்குப் போகும் நிலை வரலாம்.

2. சரக்குப் பாக்கிப் பணத்தில் கட்டடம் கட்டாதீர்கள். கடையை விரிக்க நீண்ட காலக் கடனோ சொந்தச் சேமிப்போ வேண்டும். 15 நாள் கெடுவுள்ள பணம் 15 நாளில் விற்கும் சரக்குக்கு மட்டுமே. மந்தமான பருவத்தில் அகலக் கால் வைப்பது இரட்டை ஆபத்து.

3. வாடிக்கையாளரின் வரும்படி நாளை அறிந்து கடன் கொடுங்கள். ஏரியில் பாடு முறைப்படி வலை போடும் குடும்பத்துக்கு எந்த நாள் முறை வருகிறது என்று தெரிந்து வைத்தால், வசூல் நாளையும் அதற்கேற்ப வைக்கலாம். கேட்கக் கூடாத நாளில் கேட்டு மனத்தாங்கல் வராது.

4. புதுச் சரக்கைக் கொஞ்சமாக எடுத்து விற்றுப் பாருங்கள். பிராந்திய ஏஜென்ட் தள்ளுபடி தருகிறார் என்று பத்துப் பெட்டி எடுத்து, குறை வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நாமே. பெரிய கம்பெனியே தேறாத சரக்கை விற்றுப் பெயரைக் கெடுத்துக்கொண்டதைப் பார்த்தோம்.

5. கடைப் பணத்தையும் கைச்செலவுப் பணத்தையும் கலக்காதீர்கள். முதலாளியின் பழக்கத்தை வாடிக்கையாளர் கவனிக்கிறாரோ இல்லையோ, கடன் கொடுத்தவர் கவனிக்கிறார்.

6. ரொக்க இருப்பு என்ற வாயு உருண்டை ஒன்று கடைக்கும் வேண்டும். 15 நாள் கொள்முதலுக்கு ஆகும் தொகையை அஞ்சலகத்திலோ வங்கியிலோ தனியாக வைத்து, முகத்துவாரம் மூடிய காலத்துக்கும் புயல் காலத்துக்கும் மட்டும் எடுங்கள். பாரம் ஏறும்போது கடை தாழாமல் நிற்கும். நல்ல பருவம் வந்ததும் எடுத்ததைத் திரும்ப நிரப்பிவிடுங்கள். பணச் சுழற்சி நின்றால், இயந்திரம் நின்ற டி.எஸ். காரைப் போல, எவ்வளவு நல்ல கடையும் மெல்லத் தரையில் உட்கார்ந்துவிடும்.

ஆந்த்ரே சிட்ரோன் விற்பனையில் நம் எல்லோரையும் விடப் பெரியவர். வாடிக்கையாளரின் வசதியை அவர் நினைத்ததுபோல் நினைத்தவர் குறைவு. அதை அவரிடம் கற்போம். மாதக் கடைசியில் பேரேட்டைத் திறந்து, வரவேண்டியது எவ்வளவு, கொடுக்க வேண்டியது எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று மூன்று வரி எழுதிப் பார்க்கும் பழக்கத்தை நாமாகவே வளர்த்துக்கொள்வோம். இந்த மாதமே தொடங்குங்கள்.

வணிகம் வளர்க!